பசு மிதிக்காத புல்

போன வாரம் இரண்டு நாள் எனக்கு ஒரே வேலை... புல்லின் மேல் உட்கார்ந்திருப்பது.

சிரிக்காதீர்கள். உத்தியோகமே அதுதான்.

பைபாஸ் ரோட்டில் புதிதாக எழும்பியிருக்கும் மூன்று மாடி ஷாப்பிங் காம்ப்ளெக்ஸை நீங்கள் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அதன் முன்வாசலில், பச்சைப் புல்வெளிக்கு நடுவில், ஒரு ஆள் சம்மணம் போட்டுத் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்ததையும் பார்த்திருக்கலாம். ஏதோ தியானம் என்று நினைத்திருப்பீர்கள். ஒரு அம்மா ரோட்டில் நின்று கும்பிட்டுவிட்டே போனார்கள்!

அது நான்தான்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும் – நான் கீழவாசல் பக்கம் ஒரு தரைவிரிப்புக் கடையில் வேலை பார்ப்பவன். மிதியடி, லினோலியம், ஜமுக்காளம், தேங்காய்நார் கார்ப்பெட்... கல்யாண மண்டபமோ, பள்ளிவாசலோ, சர்க்கார் ஆபீசோ, காலுக்குக் கீழே எதை விரிப்பது என்பதுதான் எங்கள் கவலை. வாடிக்கையாளரிடம் பேசுவதெல்லாம் முதலாளி சிக்கந்தர் பாய். நான் அளந்து, வெட்டி, கட்டிக் கொடுப்பதோடு சரி. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்குக் கை கால் ஓடாது. இப்படி எழுதுகிற தைரியம்கூட நீங்கள் என்னைப் பார்க்கவில்லை என்பதால் வந்ததுதான்.

அப்படிப்பட்டவனை நடுரோட்டில், புல்லின் மேல் உட்கார வைத்துவிட்டார் சிக்கந்தர் பாய்.

அவர் என்னைவிடச் சின்னவர். சரக்கு எடுக்க பம்பாய் போயிருந்தபோது ஒரு ஓட்டல் மொட்டை மாடியில் அந்தப் புல்லைப் பார்த்திருக்கிறார். மாடியில் எப்படிப் புல்? குனிந்து பிடுங்கிப் பார்த்தால் வரவில்லை. பிளாஸ்டிக்! ஊருக்குத் திரும்பியபோது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டைக் கைக்குட்டையில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

“அண்ணே, கண்ணை மூடிக்கிட்டுத் தொடுங்க.”

தொட்டேன். “புல்லு மாதிரிதான் இருக்கு.”

“மாதிரி என்னண்ணே மாதிரி... புல்லுண்ணே!”

கீழவாசல் முழுக்க அந்தக் கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினார். சிரிக்காதவர் இல்லை. பக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் முருகேசன் இருக்கிறாரே, அவருக்குத் தினமும் காலையில் இதுதான் காப்பி.

“என்ன பாய், ஆடு கீடு வளக்கப் போறீகளா?”

“இல்ல மாப்ள, நீ வந்து மேயத்தான்.”

“தண்ணி ஊத்துனீகளா இன்னைக்கி? வாடிப் போச்சே!”

பாய் பதிலுக்குப் பதில் கொடுப்பார். ஆனால் கடைக்குள் வந்ததும் கைக்குட்டையைப் பிரித்து, அந்தத் துண்டை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வார். எனக்குத் தெரியும், அவர் மனசில் இருந்தது புல் மட்டுமல்ல... ஒரு கடை. எங்கள் கடை ஒரு சந்துக்குள் இருக்கிறது. உள்ளே ரோல்களை நிறுத்தி வைக்கத்தான் இடம். ஒரு கார்ப்பெட்டை விரித்துக் காட்ட வேண்டுமென்றால், சந்தில் சைக்கிள்காரர்களை நிறுத்திவிட்டுப் பாதியை உருட்டிக் காட்ட வேண்டும். மீதிப் பாதியை வாடிக்கையாளர் மனசுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“ஒரு ரோலை முழுசா விரிச்சு நான் பார்த்ததே இல்லண்ணே. நான் விக்கிற சரக்கை நானே முழுசாப் பாக்காம விக்கிறேன்” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

அந்தச் சமயத்தில்தான் பைபாஸ் ரோடு காம்ப்ளெக்ஸ் வந்தது.

கட்டியவர் தவமணி. கீழக்குயில்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். காம்ப்ளெக்ஸ் நிற்கிற இடமே அவர்கள் வயல்தான். இஞ்சினியர் வரைந்து கொடுத்த கலர்ப் படத்தில் கட்டடத்துக்கு முன்னால் பச்சையாகப் புல்தரை இருந்தது. படத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. இங்கே? குடிப்பதற்கே குழாயடியில் குடங்கள் வரிசை கட்டுகிற ஊர் இது. தவமணி யோசித்துக்கொண்டிருந்தபோது பாய் போய்க் கைக்குட்டையை அவிழ்த்தார்.

தவமணி அந்தத் துண்டை வாங்கிக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“விரிச்சிருங்க பாய். ஆனா ஒண்ணு. இந்த எடத்துல எனக்குப் பாதி, எங்க அக்காவுக்குப் பாதி. தெறப்பு விழா அன்னைக்கி அக்காவுக்குப் புடிச்சுப்போச்சுன்னா, முன்வாசல் மூலைக்கடை ஒங்களுக்கு. புடிக்கலையா... சுருட்டிக்கிட்டுப் போயிரணும். கோவிச்சுக்கக் கூடாது. அந்தக் கடையைப் பாத்திரக்கடை முருகேசனும் கேக்குறாரு.”

மூலைக்கடையைப் பார்த்தோம். இரண்டு பக்கமும் ரோடு. உள்ளே ஒரு முழு ரோலை விரித்துவிட்டு, சுற்றி நடந்தும் பார்க்கலாம். பாய் வாசலிலேயே நின்றார். உள்ளே போகவில்லை. கிடைத்த பிறகு போய்க்கொள்ளலாம் என்றார்.

இனி அந்த வேலையைச் சொல்ல வேண்டும். நான் இந்தத் தொழிலில் தலை நரைத்தவன். ஆனாலும் பாய் புல் விரித்த அழகைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டேன்.

பம்பாயிலிருந்து பார்சலில் வந்த ரோல்கள் சுருண்டு விறைத்துக் கிடந்தன. முதலில் அவற்றை வெயிலில் பிரித்துப் போட்டார். நம் மதுரை வெயிலுக்கு ஒரு உபயோகம்! சூடு ஏற ஏறச் சுருள் விட்டு, சொன்ன பேச்சு கேட்டுப் படுத்தது. பிறகு ஒவ்வொரு துண்டின் மேலும் கையை ஓட்டிப் பார்த்தார். பூனை முதுகு மாதிரி அந்தப் புல்லுக்கும் ஒரு சாய்மானம் உண்டாம். எல்லாத் துண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் பாதி கரும்பச்சை, பாதி வெளிர்பச்சை என்று ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி ஆகிவிடும்.

வெட்டுவது மேலே இருந்து அல்ல. துண்டைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்தில் இரண்டு வரிசைக்கு நடுவே கத்தியை ஓட்ட வேண்டும். ஒரு இதழ்கூட அறுபடக் கூடாது. ஒட்டுகிற இடத்தில் அடியில் சாக்குப் பட்டை, அதன் மேல் ரப்பர் சொல்யூஷன். பஞ்சர் கடை வாசனை! இரண்டு ஓரத்தையும் நெருக்கி அழுத்திய பிறகு, இடுப்பிலிருந்து ஒரு மரச்சீப்பை எடுத்தார். அவர் வீட்டம்மாவுடையதாம். பிள்ளைக்குத் தலை சீவுகிற மாதிரி, ஒட்டின இடத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சீவினார். வகிடு மறைந்தே போனது. நான் மூக்கு தரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து தேடினேன்... தெரியவில்லை.

“ஒட்டு காயுற வரைக்கும் பாரம் வைக்கணும்ணே. செங்கல் வச்சா தடம் விழுந்துரும். மெத்துன்னு ஒரு பாரம் வேணும்.” என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

நான் உட்கார்ந்தேன். இப்போது புரிகிறதா அந்தத் தியானம்?

மதில் முதல் மதில் வரை, வெளிக்கேட் முதல் படிக்கட்டு வரை, ஒரு சாண் சிமெண்ட் தெரியாமல் மூடினார். அதுதான் அவருடைய பெருமை. “இடைவெளியே இல்லண்ணே!”

இரண்டாம் நாள் சாயங்காலம் தவமணியின் அக்கா பேச்சியம்மாள் வந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர். நல்ல உயரம். கேட்டில் நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்கள். பாய் எழுந்து நின்றார். என்னால் எழ முடியாது. பாரம்.

“ஏய்யா பாய், முப்பது வருசமா இந்த எடத்துல குனிஞ்சு குனிஞ்சு புல்லு புடுங்குனவ நான். புல்லுன்னா எனக்கு எதிரி. அதைப் போயி பம்பாயில இருந்து வரவழைச்சு ஒட்ட வைக்கிறீகளே?”

பாய்க்கு முகம் வெளுத்தது. “அக்கா, இது வளராதுக்கா. புடுங்கவே வேணாம்.”

“வளராதா?”

“வளராது.”

“களை எடுக்க வேணாம், தண்ணி பாய்ச்ச வேணாம்... அப்ப இதுதான்யா புல்லு!” என்று சிரித்துவிட்டார்கள். பாய்க்கு உயிர் வந்தது. அடுத்த கேள்வி உடனே வந்தது.

“அது சரி, நடக்கப் பாதை எங்க?”

“இதுமேலயே நடக்கலாம்க்கா.”

“பச்சைமேலயா?” என்றார்கள். ஒரு நிமிஷம் நின்றார்கள். பிறகு மதிலைப் பிடித்துக்கொண்டு, மதில் அடியில் துருத்திக்கொண்டிருந்த ஒற்றைக்கல் விளிம்பிலேயே ஓரமாக நடந்து படிக்கட்டுக்குப் போய்விட்டார்கள். பிடித்ததா, பிடிக்கவில்லையா? எங்களுக்குத் தெரியவில்லை. பாய் மரச்சீப்பைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

விடிந்தால் வெள்ளிக்கிழமை, திறப்பு விழா.

காலையிலேயே கூட்டம். மேலூரிலிருந்தும் ஆனையூரிலிருந்தும் சொந்தக்காரர்கள், கடை கேட்டிருப்பவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். எல்லோரும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும் – புதுக் கட்டடத்துக்குள் முதலில் போக வேண்டியது பசுவும் கன்றும். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் போயாக வேண்டும்.

பேச்சியம்மாளின் சொந்தப் பசு வந்தது. வெள்ளை உடம்பு, நெற்றியில் குங்குமம், கழுத்தில் மாலை, பின்னால் துள்ளிக்கொண்டு கன்று. தவமணி புதுவேட்டியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். கேட்டைத் தாண்டியது. புல் ஆரம்பிக்கிற இடம் வந்தது.

பசு நின்றுவிட்டது.

மூக்கை வைத்து முகர்ந்தது. முன்காலைத் தூக்கியது. ஆகா, வைக்கப் போகிறது என்று பார்த்தால், தூக்கிய காலைத் தூக்கிய இடத்திலேயே வைத்தது. தவமணி கயிற்றை இழுத்தார். அது பின்னால் சாய்ந்தது. ஒருவர் அகத்திக்கீரையைக் காட்டினார். கழுத்தை நீட்டிக் கீரையை வாங்கித் தின்றது. கால் மட்டும் நகரவில்லை. நாலு பேர் பின்னால் இருந்து தள்ளினார்கள். மாலை அறுந்ததுதான் மிச்சம்.

“மாட்டுக்குத் தெரியுதுய்யா, இது டூப்புன்னு!” முருகேசன்தான். வாழ்த்துச் சொல்லக் கொண்டுவந்த எவர்சில்வர் குத்துவிளக்கோடு நின்றுகொண்டிருந்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். “நாழியாறது. அப்பறம் நான் பொறுப்பில்லே.”

“லெச்சுமி வாசல்ல நின்னுட்டாளேப்பா... நல்லதுக்கில்லையே” என்று யாரோ ஒரு பெண்மணி மெல்லச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. தவமணியின் முகம் இருண்டது.

“பாய்... சுருட்ட முடியுமா?”

எப்படிச் சுருட்டுவது? மூலைக்கு மூலை ஒட்டியிருக்கிறதே! பிய்த்தால் புல்லும் போச்சு, வேலையும் போச்சு, மூலைக்கடையும் போச்சு. பாய் முன்னால் போய்ப் புல்லின் ஓரத்தில் மண்டியிட்டார். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

“நல்ல காரியம் நிக்கக் கூடாது தவமணியண்ணே. நானே கிழிச்சுத் தாரேன்.”

தான் சீவிச் சிங்காரித்ததைத் தானே அறுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

“யாருய்யா அது கத்தியை எடுக்கிறது? வையி கீழ!”

பேச்சியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள். பசுவின் கழுத்தைத் தட்டினார்கள். அதன் காதோடு பேசினார்கள்... எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

“ஏண்டி, இது யாரு வீட்டுப் பயிருன்னு நிக்கிறே? இது நம்ம வீடுதான்டி.” பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பினார்கள். “கன்னுக்குட்டியா இருந்தப்ப ஒருநா பக்கத்து வயல்ல எறங்கி நாத்தை மிதிச்சுட்டா. அன்னைக்கி நான் குடுத்த அடி, இன்னைக்கி வரைக்கும் பச்சையில காலு வைக்க மாட்டா. வரப்புலதான் நடப்பா. டூப்புன்னு தெரிஞ்சு நிக்கல முருகேசா... நெசம்னு நம்பி நிக்கிறா!”

பேச்சியம்மாள் பாய் பக்கம் திரும்பினார்கள்.

“நேத்தே கேட்டேனே, பாதை எங்கன்னு? வரப்பு இல்லாம வயலு போட்டா மாடு எப்படிய்யா நடக்கும் பாய்?”

பாய் மண்டியிட்டபடியே அந்த அம்மாவை அண்ணாந்து பார்த்தார். கத்தியை மடக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டார்.

“அண்ணே! படிக்கட்டுக் கார்ப்பெட்!”

மாடிப் படிக்கு விரிக்க நாங்கள் கொண்டுவந்திருந்த தேங்காய்நார் கார்ப்பெட் ரோல், கட்டடத்துக்கு வெளியே, முன்படிக்கட்டு ஓரம் கிடந்தது. பழுப்பு நிறம், நீள விரிப்பு. அதை எடுக்க வேண்டுமென்றால் யாராவது அத்தனை பேர் கண்ணுக்கு முன்னால் அந்தப் புல்லைக் கடந்து போக வேண்டும்.

நாலு பேர் பார்த்தால் கை கால் ஓடாது என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு ஊரே பார்த்தது. கால் ஓடியது! செருப்பைக் கேட்டிலேயே உதறிவிட்டு, இரண்டு நாள் நான் உட்கார்ந்து ஒட்டவைத்த புல்லின் மேலேயே ஓடினேன். ரோலைப் புரட்டி, ஒரு முனையைப் படிக்கட்டில் வைத்து, மற்றதைக் காலால் ஓங்கித் தள்ளினேன். அது பச்சைக்கு நடுவே பழுப்பாக உருண்டுகொண்டே போய், கேட்டில் பசுவின் காலடியில் முடிந்தது.

தள்ளி நின்று பார்த்தால்... அசல் வரப்பு!

பசு பார்த்தது. முகர்ந்தது. ஒரு கால் வைத்தது. அப்புறம் என்ன? கயிற்றை யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. தினமும் போகிற வழியில் போவது போல, தலையை ஆட்டிக்கொண்டு அந்த நார் விரிப்பின் மேலேயே நடந்து, படியேறி உள்ளே போனது. கன்றும் அதே வரப்பில் பின்னாலேயே போனது. ஒரு குளம்பும் பச்சையில் படவில்லை. நாதஸ்வரக்காரர் நினைவு வந்து ஊத ஆரம்பித்தார்.

இனிமேல்தான் வேடிக்கை.

பசுவுக்குப் பின்னால் கூட்டம் உள்ளே வந்தது. எப்படி வந்தது தெரியுமா? ஒருவர் பின் ஒருவராக! முன்வாசல் அவ்வளவு அகலம். பத்துப் பேர் கைகோத்துக்கொண்டு நடக்கலாம். ஒருத்தர்கூடப் பச்சையில் இறங்கவில்லை. மேலூர்க்காரர்கள், ஆனையூர்க்காரர்கள், பூட்ஸ் போட்டிருந்த விருந்தாளி, எல்லோரும் அந்த ஒற்றை விரிப்பின் மேலேயே, வயலுக்குப் போகிறவர்கள் மாதிரி வரிசையாக வந்தார்கள். முருகேசன் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு, விழுந்துவிடாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார்.

“என்ன மாப்ள, டூப்புதானே? மிதிச்சுக்கிட்டு வர வேண்டியதுதானே?” என்றார் பாய்.

“சும்மா இருங்க பாய், காலு வரமாட்டேங்குது.”

பூஜை முடிந்ததும் தவமணி அக்காவைப் பார்த்தார். அக்கா பாயைப் பார்த்தார்கள்.

“எம் மாடு இதுவரைக்கும் பயிருன்னா பயிரு, களையின்னா களை, தப்பாச் சொன்னதில்ல. அதையே நம்ப வச்ச ஆளு. மூலைக்கடையைக் குடுத்துரு தம்பி.”

“அப்ப எனக்கு?” என்றார் முருகேசன்.

“பின்பக்கம் ஒரு கடை இருக்கு. ஒனக்கு மாடு சாட்சி சொல்லலையே!”

பாய் மூலைக்கடைக்குள் முதல் தடவையாகப் போனார். ஒரு ரோலை எடுத்து, முழுசாக விரித்தார். விற்பதற்கல்ல. சும்மா சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தார்.

வீட்டில் இதையெல்லாம் சொன்னபோது என் மனைவி நம்பவில்லை. “பயிராவது மயிராவது... அந்த ரப்பர் சொல்யூஷன் நாத்தத்துக்கு மாடு நின்னிருக்கும்” என்கிறாள். இருக்கலாம். மாட்டைக் கேட்டால்தான் தெரியும். ஆனால் நாத்தத்துக்கு மாடு நின்றது என்றே வைத்துக்கொள்வோம்... அத்தனை மனிதர்கள் எதற்காக வரப்பில் வந்தார்கள்? பிளாஸ்டிக் என்று தெரிந்தும் பச்சையை மிதிக்கக் கூசுகிற கால்கள் இன்னும் நம் ஊரில் இருக்கின்றன. அந்தக் கால்களையே ஒரு நிமிஷம் தயங்க வைத்துவிட்டது ஒரு மனிதரின் மரச்சீப்பு. இரண்டில் எதை அதிகம் மெச்சுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கார்ப்பெட் அங்கேயே கிடக்கிறது. தவமணி எடுக்கவிடவில்லை. மாடிப் படிக்கு வேறு விரித்துக் கொடுத்துவிட்டோம். அடுத்த காம்ப்ளெக்ஸ்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “எனக்கும் இதே புல்லு வேணும், அந்த வரப்போட” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நேற்றுச் சாயங்காலம் மூலைக்கடையைப் பூட்டிவிட்டு நானும் பாயும் கிளம்பினோம். வாசலில் ஆளே இல்லை. பாய் கீழவாசலில் பிறந்து வளர்ந்தவர். வயலைப் பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி. அந்தப் புல்லை வரவழைத்து, வெட்டி, ஒட்டி, சீவி விரித்தவரும் அவர்தான்.

முன்னால் நடந்த பாய், வரப்பு வழியாகத்தான் போனார்.